பிள்ளையின் உடற்பயிற்சியைக் கணக்கு வைக்க ஸ்மார்ட் வாட்ச் தேவையா?

ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு வாட்ச் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரம் வேண்டாம், மாதக் காலண்டரும் ஸ்கெட்ச் பேனாவும் போதும்.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் வேண்டியதில்லை. காலண்டரில் அந்தந்த நாளுக்கான கட்டத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு புள்ளி, நாளுக்கு நாலு புள்ளி. ஆடும்போது பேச முடியணும், பாட்டுப் பாட மூச்சு இடம் கொடுக்கக்கூடாது. அப்போதுதான் கணக்கில் சேரும்.

என் மகள் சைக்கிளுக்குப் பச்சை, ஸ்கிப்பிங்குக்குச் சிவப்பு வைப்பாள். புள்ளியை அவளேதான் வைக்க வேண்டும். நாம் வைத்தால் அதுவும் வீட்டுப்பாடம் ஆகிவிடும்! வாட்சை நம்பினால், சைக்கிள் மிதிக்கும்போது கை ஹேண்டில்பாரிலேயே இருப்பதால் காலடிக் கணக்கு குறைவாகத்தான் காட்டும்.