உர மானியம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி (வலப்பனை): நெல்லுக்கு ஹெக்டயருக்கு 25,000 ரூபா என்றார்கள். எனது வயல் அரை ஏக்கர். வங்கியில் விழுந்ததோ மூவாயிரத்துச் சொச்சம். மிச்சத்தை யாரும் வெட்டிவிட்டார்களா?

பதில்: யாரும் வெட்டவில்லை, கணக்கே அதுதான். ஒரு ஹெக்டயர் என்பது 2.47 ஏக்கர். 2024/25 பெரும்போகத்தில் மானியம் 15,000 ரூபாவிலிருந்து 25,000 ஆகக் கூடியபோது, ஹெக்டயருக்கு முதலில் 15,000, பிறகு 10,000 என இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள். அரை ஏக்கருக்கு முதல் தவணை ஏறக்குறைய 3,035 ரூபா, இரண்டாவது 2,023 ரூபா. இதைவிடக் குறைந்தால் கட்டாயம் கேளுங்கள். நம் மலைச்சரிவு வயல்களில் பேர்ச் (சிறு காணி அளவு) கணக்கு எளிதில் பிழைக்கும். தரிசாகக் கிடக்கும் தட்டுகளைக் கழிப்பது சரி. விதைத்த தட்டையும் சேர்த்துக் கழித்திருந்தால் அது உங்கள் பணம். பயிர் வயலில் நிற்கும்போதே கமநல சேவை நிலைய உத்தியோகத்தரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அறுவடைக்குப் பிறகு காட்ட ஒன்றும் இருக்காது.

கேள்வி (வெலிமடை): பக்கத்து வயல்காரருக்குப் பணம் வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. கமநல சேவை நிலையத்தில் கேட்டால் "அனுப்பியாச்சு" என்கிறார்கள்.

பதில்: அனுப்பிய பணம் திரும்பிப் போயிருக்கலாம். முதலில் வங்கிப் புத்தகத்தோடு கிளைக்குப் போங்கள். நீண்ட நாள் போடாமல் எடுக்காமல் கிடந்த கணக்கு செயலற்றதாகியிருக்கும். அடையாள அட்டையைக் காட்டி அதை உயிர்ப்பிக்கலாம். அடுத்தது பெயர். தமிழ்ப் பெயர் சிங்களத்தில் ஒரு விதமாகவும் ஆங்கிலத்தில் இன்னொரு விதமாகவும் எழுதப்படுவதால், வங்கியில் "முத்தையா", பதிவேட்டில் "முத்தய்யா" என்று நின்றுவிடுகிறது. எங்கும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள்.

அட்டை இலக்கத்தையும் ஒப்பிடுங்கள். வங்கியில் பழையது, கமநல நிலையத்தில் புதியது என்று இருந்தால் ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். பழைய இலக்கத்தின் முன்னால் 19 போட்டு, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு 0 சேர்த்து, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதிய 12 இலக்கம் வரும்.

திருத்தக் கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதியை இணைத்துக் கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். வாய்ப்பேச்சு அடுத்த போகம் வரை நிற்காது. பதிலே வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பணம் எந்தத் திகதியில் எந்தக் கணக்குக்கு அனுப்பப்பட்டது என்று தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

கேள்வி (இராகலை): லயத்துக்குப் பின்னால் கரட், லீக்ஸ் போடுகிறேன். இந்த 25,000 எனக்கும் உண்டா?

பதில்: இல்லை, அது நெல்லுக்கு மட்டும். சந்தைக்கு மரக்கறி அனுப்பும் தோட்டத்து மக்கள் இதற்கு வெளியே நிற்பது பெரிய குறை.

கேள்வி (கொத்மலை): அந்தேக்கு (காணிக்காரருக்கு விளைச்சலில் பங்கு கொடுத்து) வயல் செய்கிறேன். மானியம் காணிக்காரர் கணக்குக்குப் போகிறது.

பதில்: விதைத்து உரம் போடுகிறவருக்கே மானியம் சேர வேண்டும். கமத்தொழில் காணிப் பதிவேட்டில் உரிமையாளர் பெயரோடு பயிரிடுபவர் பெயரும் இருக்க வேண்டும்; அங்கே காணிக்காரர் பெயரே இருந்தால் பணமும் அவருக்கே போகும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அந்தப் பதிவேட்டைத் திருத்தக் கேட்கலாம். பங்கு நெல் கொடுக்கும்போதெல்லாம் ஒரு துண்டிலாவது கையெழுத்து வாங்கி வையுங்கள். கமக்காரர் அமைப்பில் சேர்ந்து, போகத் தொடக்கக் கூட்டத்தில் இந்த வயலை நீங்கள்தான் செய்கிறீர்கள் என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, அதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.