எந்த ஊரில் வரிசையில் நிற்பது?

கேள்வி: சிகாகோவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறோம். கணவருக்கு வயது 72, முட்டி வலி. நியூயார்க்கில் மாறிப் போகும் டிக்கெட், அபுதாபி வழியை விட ஆளுக்கு 9,000 ரூபாய் குறைவு. எதை எடுக்கலாம்?
- வாசகி, நங்கநல்லூர்

அபுதாபியே எடுங்கம்மா. அந்த 9,000-ஐ முட்டி வைத்தியக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

அமெரிக்காவில் முதலில் எந்த ஊரில் இறங்குகிறீர்களோ அங்கேதான் இமிக்ரேஷன். நியூயார்க்கில் வரிசையில் நின்று, பெல்ட்டிலிருந்து பெட்டியை நீங்களே இறக்கி, கஸ்டம்ஸ் தாண்டி, திரும்பப் பெட்டியைப் போட்டு, இன்னொரு செக்யூரிட்டியும் முடித்தால்தான் சிகாகோ விமானம். எழும்பூரில் முப்பது வருஷம் விமான டிக்கெட் போட்டவன் நான். 2016-ல் எனக்கு நானே போட்டுக்கொண்ட டிக்கெட்டில் விமானம் மாற ஒன்றரை மணி நேரம் போதும் என்று விட்டேன். போய் இறங்கினால், எங்களுக்கு முன் வந்த இரண்டு விமானக் கூட்டம் திருப்பதி க்யூ காம்ப்ளெக்ஸ் மாதிரி நிற்கிறது. அடுத்த விமானம் போயே போய்விட்டது. ராத்திரி முழுக்க நாற்காலியில்தான். காலடியில் மாவடு ஜாடி வைத்த பெட்டி.

அபுதாபி விமான நிலையத்தில் 2014 முதல் அமெரிக்க அதிகாரிகளே உட்கார்ந்திருக்கிறார்கள். கைரேகை, போட்டோ, 'எத்தனை நாள் தங்குவீர்கள்' எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். சிகாகோவில் உள்ளூர்ப் பயணி மாதிரி இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டியதுதான். சென்னையில் போட்ட பெட்டியின் படத்தைத் திரையில் காட்டி, உங்களுடையதா என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பெட்டி என்றால் நிறத்தையாவது பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்!

அபுதாபியிலும் வரிசை உண்டு. அதனால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும். மொத்தப் பயணமும் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். வீல்சேரை டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்குங்கள். கவுண்டரில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

கேள்வி: ஃப்ராங்க்ஃபர்ட் வழியாகப் பாரிஸ் போகிறேன். இமிக்ரேஷன் எங்கே?
- வாசகர், பெரம்பூர்

ஃப்ராங்க்ஃபர்ட்டில். ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) முதலில் இறங்கும் ஊர்தான் கணக்கு. அதன்பின் பாரிஸ் போவது, சென்னையிலிருந்து மதுரை போகிற மாதிரி. ஃப்ராங்க்ஃபர்ட்டில் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளியை நான் யாருக்கும் போட்டுக்கொடுத்ததில்லை. துபாய் வழி போனால் இமிக்ரேஷன் பாரிஸில்தான். எவ்வளவு நேரம் ஆனாலும் தவறவிட அடுத்த விமானம் கிடையாது.

கேள்வி: நடுராத்திரி மீனம்பாக்கத்தில் இறங்கினால் நம் ஊர் வரிசையே நீளமாக இருக்கிறதே?
- வாசகர், அடையாறு

வளைகுடா, சிங்கப்பூர் விமானங்கள் அடுத்தடுத்து வந்து சேரும் நேரம் அது. இந்தியப் பாஸ்போர்ட்டோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டையோ இருந்தால், இமிக்ரேஷனைச் சீக்கிரம் முடிக்கும் எஃப்.டி.ஐ.-டி.டி.பி. திட்டத்தில் சேருங்கள். 2025 ஜனவரியிலிருந்து சென்னையிலும் உண்டு. இணையத்தில் விண்ணப்பித்து, ஒருமுறை கைரேகையும் முகமும் பதிந்துவிட்டால் தானியங்கி கேட் வழியாக வந்துவிடலாம். 5 வருஷம் அல்லது பாஸ்போர்ட் முடியும்வரை, எது முந்தியோ அதுவரைதான் செல்லும். உங்கள் பாஸ்போர்ட் சீக்கிரம் முடிகிறதென்றால், புதுப்பித்த பிறகு விண்ணப்பியுங்கள்.