வகுப்பெடுப்பவரின் பெயர் மாணவன்

கே: நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து 1998-இல் வந்த 'பிளாக் ஸ்டார்' ராப் ஆல்பத்தைக் கேட்டோம். இரண்டு பேருக்கு ரொம்பப் பிடித்தது. மற்ற இரண்டு பேர், "பீட் நன்றாக இருக்கிறது, ஆனால் கறுப்பு, ஆப்பிரிக்கா, விடுதலை என்று ஒரே வகுப்பெடுக்கிறார்கள்" என்றார்கள். நீங்கள் யார் கட்சி?
– ஒரு வாசகர், கோவை

ப: பிடித்தவர்கள் கட்சி. ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது 'வகுப்பெடுக்கிறார்கள்' என்ற அந்த ஒரு சொல். பல வருடங்களாக இந்தப் பக்கத்தில் நான் மல்லுக்கட்டுவது அதோடுதான். காதலைப் பாடினால் பாட்டு, தோல் நிறத்தையோ போலீஸ் அடியையோ பாடினால் உடனே அது பாடமாகிவிடுமா? யார் போட்ட விதி இது?

அந்த ஆல்பத்தின் இரண்டு பேரில் ஒருவர் தாலிப் குவேலி. தாலிப் என்றால் அரபியில் மாணவன், தேடுகிறவன். குவேலி என்றால் சுவாஹிலியில் உண்மை. மேடைக்காகச் சூட்டிக்கொண்டதில்லை, பெற்றோர் வைத்த பெயர். அம்மா ஆங்கிலப் பேராசிரியர். மகன் ப்ரூக்ளினில் என்கிரு என்ற கறுப்பினப் புத்தகக் கடையில் வேலை பார்த்தார். கடை தள்ளாடியபோது அவரும் ஆல்பத்தின் இன்னொரு குரலான மோஸ் டெஃபும் (இப்போது யாசீன் பே) சேர்ந்து அதை வாங்கிவிட்டார்கள். வகுப்பெடுப்பதாக உங்கள் நண்பர்கள் சொல்லும் ஆள், வாசகனாகவே வளர்ந்தவர்.

'தீவ்ஸ் இன் தி நைட்' பாட்டைத் திரும்பப் போட்டுக் கேளுங்கள். அதன் பல்லவி, அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் டோனி மோரிசன் 1970-இல் எழுதிய முதல் நாவலின் கடைசிப் பக்கங்களிலிருந்து எடுத்துக் கட்டியது. நீலக் கண் வேண்டும் என்று ஏங்கி ஏங்கிப் புத்தி பேதலித்துப்போகும் ஒரு கறுப்புச் சிறுமியின் கதை அது. அவளைக் கைவிட்ட ஊர் தன்னைப் பற்றி ஒப்புக்கொள்கிற இடம் ஒன்று வரும்: எங்களிடம் இருந்தது இரக்கமில்லை, வெறும் மரியாதை, நாங்கள் சுதந்திரமானவர்களில்லை, அனுமதி பெற்றவர்கள், அவ்வளவுதான். இந்தக் கருத்தை இவர்கள் பல்லவியாக்கும்போது அதைத் தங்கள் மேலேயே போட்டுக்கொள்கிறார்கள். தமிழில் பாடியிருந்தால் 'நாம்' என்றுதான் வந்திருக்கும். வகுப்பெடுக்கிறவர் ஒருநாளும் 'நாம்' என்று சொல்லமாட்டார், 'நீங்கள்' என்பார். இந்த வித்தியாசம் காதில் விழாமல் ஒரு ஆல்பத்துக்குத் தீர்ப்பு எழுதுவது எனக்குக் கோபம் வரவைக்கிற விஷயம்.

'டெஃபினிஷன்' இன்னும் நெருக்கமாகத் தைக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று சின்னப் பிள்ளைகள் எண்ணுவதுபோல் பல்லவி குதித்துக்கொண்டு போகும், அதற்குள்ளேயே ராப் பாடகர்கள் டுபாக்கையும் பிக்கியையும் சுட்டுவிட்டார்கள் என்ற சேதியும் வந்து விழும். ஒருவர் செத்தது 1996 செப்டம்பர், இன்னொருவர் 1997 மார்ச். ஆல்பம் வந்தது 1998 செப்டம்பர். துக்கம் ஆறாத வீட்டில் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் அது. குறையே இல்லை என்று சொல்லவில்லை. நடுவில் ஒன்றிரண்டு இடங்களில் தொய்வு உண்டு, 'பிரவுன் ஸ்கின் லேடி' எனக்குக் கொஞ்சம் நீளம். அதைச் சொல்லியிருந்தால் உங்கள் நண்பர்களோடு உட்கார்ந்து பேசியிருப்பேன்.

சரி, ஆப்பிரிக்கா. ஆல்பத்தின் பெயரே ஒரு கப்பல் கம்பெனியின் பெயர்தான். ஜமைக்காவிலிருந்து நியூயார்க் போன கறுப்பினத் தலைவர் மார்கஸ் கார்வி, கறுப்பின மக்களை ஆப்பிரிக்காவோடு இணைக்க 1919-இல் தொடங்கிய பிளாக் ஸ்டார் லைன், அதாவது கறுப்பு நட்சத்திரக் கப்பல் கம்பெனி. பங்கு 5 டாலர். கூலி வேலைக்குப் போகிற கறுப்பின மக்கள் மிச்சம் பிடித்த காசில் வாங்கினார்கள். கம்பெனி வாங்கிய முதல் கப்பலான யார்மவுத் ஒரு ஓட்டை உடைசல், அதையும் அநியாய விலைக்குத் தலையில் கட்டினார்கள். 1922-இல் எல்லாம் முடிந்தது. பங்கு விற்றதில் தபால் மோசடி என்று வழக்குப் போட்டு கார்வியைச் சிறையில் வைத்து, 1927-இல் ஜமைக்காவுக்கே அனுப்பிவிட்டார்கள். அந்தத் தண்டனைக்கு மன்னிப்பு வந்தது 2025 ஜனவரியில், மனிதர் செத்து 84 வருடம் கழித்து. அவர் ஓட்டிய கப்பல் ஒன்றுகூட ஆப்பிரிக்கக் கரையைத் தொடவில்லை. ஆனால் 1957-இல் விடுதலையான கானா தன் கொடியின் நடுவில் அந்தக் கறுப்பு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டது. அந்த ஊர்க் கால்பந்து அணிக்கும் அதே பெயர்தான்.

இரண்டு ப்ரூக்ளின் பையன்கள் தங்கள் ஆல்பத்துக்கு அந்தப் பெயரை எடுத்து வைத்தால், ஆப்பிரிக்கா வராமல் வேறு என்ன வரும்?

அந்த இரண்டு நண்பர்களையும் 'ரெஸ்பிரேஷன்' பாட்டை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேட்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் ஒரு பெண் குரல் ஸ்பானிஷில் பேசும், நகரம் மூச்சு விடுவதைக் கேள் என்று. கேட்டுவிட்டு எனக்கு எழுதட்டும்.