குறட்டைக்கு மெடிக்கலில் என்ன வாங்கலாம்? கேட்டவர்களுக்குப் பதில்

பாளையங்கோட்டையில் இருபது வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். "குறட்டைக்கு ஏதாவது குடுங்க" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அடைப்பு மூக்கிலா தொண்டையிலா என்றுதான். அது தெரியாமல் எதை வாங்கினாலும் காசு வீண்.

அண்ணாச்சி, மூக்கு மேல ஒட்டுற பட்டை கேக்குமா? (அம்பாசமுத்திரம்)

மூக்குக்கு இரண்டு பக்கமும் கன்னத்தில் விரலை வைத்து, காதுப்பக்கமாக லேசாக இழுத்துக்கொண்டு மூச்சை இழுத்துப் பாருங்கள். காற்று சுலபமாகப் போகிறதா? அப்படியென்றால் பட்டை உதவும், அதுவும் மூக்கை இப்படித்தான் விரித்துப் பிடிக்கிறது. வித்தியாசம் தெரியாவிட்டால் வாங்க வேண்டாம். எண்ணெய்ப்பசை இருந்தால் பாதி ராத்திரியில் கழன்றுவிடும், முகம் கழுவித் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

பீடி சுத்துறேன். சொட்டு மருந்து விட்டாத்தான் மூக்கு திறக்குது, தூக்கமும் வருது. (முக்கூடல்)

எத்தனை நாளாக விடுகிறீர்கள் அக்கா? சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் சொட்டு மருந்தெல்லாம் 5 நாளுக்கு மேல் போகக்கூடாது. போனால், மருந்தின் வேகம் குறைந்ததும் உள்சதை முன்னைவிட வீங்கும், அதற்கு இன்னொரு சொட்டு, அப்புறம் இன்னொன்று என்று விடவே முடியாமல் ஆகிவிடும். மாசக்கணக்காக விடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும். உப்புநீர் ஸ்பிரே தினமும் அடிக்கலாம், பயமில்லை. புகையிலைத் தூள் கிடக்கிற சுளவை (முறத்தை) படுக்கிற அறையில் வைக்காதீர்கள்.

மல்லாந்து படுத்தா மட்டும்தான் சத்தம். (தென்காசி)

கடைக்கே வர வேண்டாம். மல்லாந்தால் நாக்கு பின்னால் சரிந்து வழியைக் குறைக்கிறது. பழைய பனியனின் முதுகில் ஒரு பை தைத்து டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொள்ளுங்கள், புரண்டால் உறுத்தும், தானாக ஒருக்களித்துவிடுவீர்கள்.

வாயில டேப் ஒட்டிப் படுக்கலாமா? (மேலப்பாளையம்)

வேண்டாம். மூக்கும் அடைத்துக்கொண்டால் மூச்சுக்கு எங்கே போவது?

எங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டுறார். குறட்டை நடுவுல சத்தமே நின்னு, திணறி முழிக்கிறார். ஏதாவது அனுப்புங்க அண்ணாச்சி. (வள்ளியூர்)

தங்கச்சி, இதற்கு என் கடையில் எதுவும் கிடையாது. தூக்கத்தில் 10 விநாடிக்குக் குறையாமல் மூச்சு நிற்பது மணிக்கு 5 தடவையோ அதற்கு மேலோ வந்தால் அது ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம். பட்டையை ஒட்டிச் சத்தத்தைக் குறைத்தால், நோய் அப்படியே இருக்க உங்களுக்கு நிம்மதி மட்டும் வந்துவிடும், அதுதான் எனக்குப் பயம். இன்று ராத்திரி போனில் பத்து நிமிஷம் வீடியோ எடுங்கள், அந்த நிசப்தமும் அதற்குப் பிறகு வரும் திணறலும் அதில் தெரியட்டும். அதைக் கொண்டுபோய் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். பிரஷர் இருந்தால் சொல்லுங்கள், பகலில் கண்ணைச் சொருகுகிறதா என்பதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். தூக்க மாத்திரையும் குடியும் தொண்டைச் சதையை இன்னும் தளர்த்திவிடும், இரண்டும் கூடாது. டாக்டர் பார்க்கும்வரை ராத்திரி ஓட்டத்துக்கு அனுப்பாதீர்கள்.

ஏழு வயசுப் பிள்ளை குறட்டை விடுது. (களக்காடு)

பெரியவர்களுக்கான பட்டை, சொட்டு எதையும் தொடாதீர்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கிற அடினாய்டு சதையோ, தொண்டையில் இருக்கிற டான்சிலோ வீங்கியிருக்கலாம். தினமும் விடுகிறான் என்றால் இந்த வாரமே காட்டுங்கள்.