மாடுகள் வந்தது

அன்புள்ள ஐயா,

நான் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள். 247 எழுத்துகளையும் மடமடவென்று ஒப்பிக்கும் குழந்தை, ஒரு வரியை வாசிக்கச் சொன்னால் திணறுகிறது. எழுதச் சொன்னால் 'மாடுகள் வந்தது' என்று எழுதுகிறார்கள். எத்தனை முறை திருத்தினாலும் மறுநாள் அதே பிழை. எழுத்துகள் முழுவதும் தெரிந்த பிறகுதான் வாசிப்பைத் தொடங்க வேண்டும் என்கிறார்கள் உடன் பணியாற்றுபவர்கள். பெற்றோருக்குச் சொல்வதெழுதுதல் மதிப்பெண்தான் முக்கியம். இலக்கணத்தை எங்கிருந்து தொடங்குவது? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

'மாடுகள் வந்தது' என்ற வரியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது.

அந்தக் குழந்தை வீட்டில் என்ன பேசுகிறது? 'மாடு வந்துச்சு', 'மாடெல்லாம் வந்துச்சு'. ஒன்று வந்தாலும் பத்து வந்தாலும் பேச்சில் வினைமுற்று ஒன்றுதான். 'வந்தன' என்ற சொல் அதன் காதில் விழுந்ததே இல்லை. ஆனால், வாயில் 'வந்துச்சு' என்றிருப்பது தாளில் 'வந்தது' என்று ஆக வேண்டும் என்பதை அது தானாகவே பிடித்துக்கொண்டிருக்கிறது. இது சின்ன விஷயம் இல்லை. வேலையில் முக்கால் பங்கை அது முடித்துவிட்டது. அந்த இடத்தில் நாம் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போனால், எது தவறு என்றே அதற்கு விளங்காது.

தமிழ்க் குழந்தைக்கு வாசிப்பு இரட்டை வேலை. எழுத்தை ஒலியாக்க வேண்டும். அந்த ஒலி, தான் பேசும் சொல்லாக இல்லாவிட்டாலும் பொருள் விளங்கிக்கொள்ள வேண்டும். 'இருக்கிறது' என்பதில் ஆறு எழுத்துகள். ஆறையும் கூட்டி முடித்தவுடன், இது நாம் சொல்லும் 'இருக்கு' என்று அதற்குத் தோன்ற வேண்டும். எழுத்துத் தமிழைக் கேட்டுப் பழகிய குழந்தைக்கு உடனே தோன்றுகிறது. பழகாத குழந்தை ஆறு எழுத்தையும் பிழையில்லாமல் சொல்லிவிட்டு, அடுத்து என்ன என்று நம் முகத்தைப் பார்க்கிறது.

அதனால் உங்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: நாள்தோறும் பத்து நிமிடம் வகுப்புக்கு ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள். கதை சொல்வது வேறு, அதுவும் நல்லதுதான். ஆனால் சொல்லும்போது நாம் நம்மையறியாமல் பேச்சுத் தமிழுக்குப் போய்விடுகிறோம். புத்தகத்தில் உள்ள வாக்கியம் உள்ளபடியே காதில் விழட்டும். ஓர் எழுத்தும் தெரியாத குழந்தையும் அந்தப் பத்து நிமிடம் மற்றவர்களோடு சமமாக உட்கார்ந்திருக்கும். அந்தக் காரணத்துக்காகவே இதை விட்டுவிடாதீர்கள்.

எல்லா எழுத்தும் முடிந்த பிறகுதான் வாசிப்பு என்பதை நான் ஏற்கவில்லை. ப, ட, ம, ஒரு புள்ளி. இவை போதும், 'படம்', 'மடம்', 'பட்டம்' எல்லாம் வந்துவிடும். துணைக்கால் சேர்ந்தால் 'பாடம்', 'மாடம்'. மேல்விலங்கும் வந்துவிட்டால் 'பாட்டி', 'மாடி', 'படி'. பொருளுள்ள ஒரு சொல்லைத் தானே வாசித்துவிட்ட குழந்தை அடுத்த எழுத்தைத் தானே கேட்கும். வரிசையாக ஒப்பிக்கும் குழந்தைக்கு வரிசைதான் தெரியும். நடுவிலிருந்து ஓர் எழுத்தைக் காட்டினால், முதலிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு அந்த எழுத்து வரைக்கும் வர வேண்டியிருக்கிறது.

திணறும் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த எழுத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் இரண்டு இடங்களில் நிற்கும். ஒன்று, உகர ஊகார வரிசைகள். கு, சு, து, மு ஆகிய நான்கையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள், நான்கும் நான்கு விதம். 1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை போன்ற 13 எழுத்துகளை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. இந்த இரு வரிசைகளின் 36 எழுத்துகளும் பழையபடியே இருக்கின்றன. இவற்றுக்கு மற்ற வரிசைகளைவிட அதிக நாள் கொடுங்கள். மற்றொன்று, கொம்பு. கண் கொம்பை முதலில் பார்க்கிறது, வாயோ மெய்யை முதலில் சொல்ல வேண்டும். 'கொடி' என்பதை ஒரு குழந்தை 'கெ, கா, டி' என்று படித்தால், அது பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறது. 'கெடு', 'காடு', 'கொடி' மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி நிதானமாக வாசிக்க வையுங்கள்.

இனி இலக்கணம். தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என்ற வரிசையில் செல்கிறது. அது மொழி அறிந்தவர்களுக்கு எழுதப்பட்ட நூல். குழந்தை பொருளிலிருந்து புறப்படுகிறது. கரும்பலகையில் 'பறவைகள் பறந்தன', 'இலைகள் உதிர்ந்தன', 'மணிகள் ஒலித்தன' என்று எழுதிவிட்டு, 'மீன்கள்' என்று எழுதி நிறுத்துங்கள். யாராவது 'நீந்தன' என்பார்கள், இன்னொருவர் 'நீந்தின' என்பார். அந்த வாக்குவாதம்தான் இலக்கண வகுப்பு. ஒன்றா, பலவா என்று கேட்கத் தெரிந்தால் மூன்றாம் வகுப்புக்குப் போதும். பலவின்பால் என்ற பெயர் பிறகு வரட்டும்.

விதி உண்மையிலேயே உதவும் இடத்தில் அதைத் தயங்காமல் கொடுங்கள். 'வன்டி', 'பன்து' என்று எழுதும் குழந்தைக்கு, ட-வுக்கு முன் ண், த-வுக்கு முன் ந், ற-வுக்கு முன் ன் என்று சொல்லி 'வண்டி', 'பந்து', 'கன்று' மூன்றையும் காட்டினால் ஒரே நாளில் பாதிப் பிழை குறையும். 'அரை', 'அறை' அப்படியல்ல. பேச்சில் பெரும்பாலோருக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன, காது கைகொடுக்காது. நிறைய வாசித்துக் கண்ணில் படிந்தால்தான் வரும். எனவே சொல்வதெழுதுதலுக்குப் புதிய சொற்களைக் கொடுக்காதீர்கள். முந்தைய நாள் வாசித்த கதையிலிருந்து இரண்டு வாக்கியங்கள் போதும். நோட்டில் வாரத்துக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் திருத்துங்கள், மற்றவை அந்த வாரம் இருந்துவிட்டுப் போகட்டும்.

பெற்றோர் மதிப்பெண் கேட்டு வந்தால், குழந்தை இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தை அவர்கள் முன்னாலேயே வாசிக்கச் செய்யுங்கள். வாசித்து முடித்ததும், கதையில் என்ன நடந்தது என்று பெற்றோரையே குழந்தையிடம் கேட்கச் சொல்லுங்கள். மதிப்பெண் நோட்டை அதற்குப் பிறகு காட்டலாம்.

அன்புடன்