எலுமிச்சைக்கு உரம் வேண்டாம், தண்ணீரை மாற்றுங்கள்

கேள்வி: திருவொற்றியூரில் எங்கள் மொட்டை மாடியில் மண் தொட்டியில் ஒரு எலுமிச்சை, டிரம்மில் ஒரு ஒட்டு மா. ஏப்ரல் வந்தால் இலை நுனி கருகி, பூவும் கொட்டிவிடுகிறது. நர்சரியில் சொன்னபடி டி.ஏ.பி. உரம் போட்டேன், இன்னும் மோசம். ஊற்றுவது போர் தண்ணீர். மூன்றாவதாக ஒரு பழமரம் வைக்கவும் ஆசை. எதை வைக்கலாம்?

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் இலையைவிட என் கண்ணில் முதலில் பட்டது தொட்டிதான். வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவரடியில் உப்பு பூக்குமே, அதே சமாசாரம்.

ஊறுகாய்க்கு நறுக்கிய எலுமிச்சையில் உப்பைப் போட்டதும் சாறு வெளியே வந்துவிடுகிறது இல்லையா? தொட்டிக்குள்ளும் அதுதான் நடக்கிறது. மண்ணில் உப்பு ஏறிவிட்டால், ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. கொஞ்சம் உப்பு தண்ணீரோடு மேலே போய், இலை நுனியில் தங்கி, அந்த இடத்தைக் கருக்கிவிடும். முதிர்ந்த இலைகளில்தான் முதலில் தெரியும். டி.ஏ.பி.யும் ஒரு உப்புதான். தவிக்கிற செடிக்கு ஊறுகாய் ஊட்டிய கதை.

போரில் உப்பு ஏறுவது வடசென்னைக்குப் புதிதல்ல. அளவுக்கு மீறி இறைத்ததால் மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது 1960-களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. உங்கள் தெருவின் கதை தெரிய, ஆர்.ஓ. மெக்கானிக் கையில் இருக்குமே, தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் அந்த டி.டி.எஸ். மீட்டர் போதும். அது காட்டும் எண் 450-க்குள் என்றால் கவலையில்லை. 2000-ஐத் தாண்டினால் எலுமிச்சைக்கும் மாவுக்கும் ஆகாது. நடுவில் இருந்தால் சமாளிக்கலாம்.

இப்போதைக்கு உரத்தை நிறுத்துங்கள். மெட்ரோ வாட்டரோ பிடித்துவைத்த மழைத்தண்ணீரோ எடுத்து, தொட்டி கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு, மூன்று தவணையாக மெதுவாக ஊற்றுங்கள். 20 லிட்டர் தொட்டிக்கு 40 லிட்டர். அடித்துளை வழியாக எல்லாம் ஓடிவிட வேண்டும். அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். வழிந்த உப்புத்தண்ணீரை மண் திரும்பவும் குடித்துவிடும். கோடையில் மாதம் ஒருமுறையாவது இப்படிக் கழுவினால் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் வானமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது, புதுத்துளிரைப் பார்த்துத்தான் தேறியதா என்று சொல்ல முடியும்.

தினசரித் தேவைக்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடியுங்கள். அதில் உப்பு அநேகமாக இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒரு ராத்திரியில் அரை பக்கெட்டாவது சேரும். ஆர்.ஓ. கழிவுத்தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம். வீணாகப் போகிறதே என்று நானே ஒரு கோடை முழுக்க ஊற்றி, காய்த்துக்கொண்டிருந்த எலுமிச்சையைக் கொன்றிருக்கிறேன். வடிகட்டிய உப்பெல்லாம் அந்தக் குழாயில்தானே வருகிறது! கருவாடு கழுவிய தண்ணீருக்கும் இதே விதி. பச்சை மீன் கழுவியது எப்போதாவது என்றால் பாதகமில்லை, பூனைகளை மட்டும் நீங்கள் சமாளிக்க வேண்டும்.

மாவில் கடலைப் பார்த்த பக்கம் மட்டும் அதிகம் கருகியிருந்தால், காற்றில் வரும் உப்பும் சேர்ந்திருக்கிறது. காலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள்.

மூன்றாவது மரத்துக்கு நான் யோசிக்காமல் சொல்வது சப்போட்டா. உப்பையும் கடல்காற்றையும் மாவைவிட நன்றாகத் தாங்கும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 ரகம் குட்டையாக வளரும், மாடிக்கு ஏற்றது. 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக அறுத்து வையுங்கள். ஈரமண்ணோடு 150 கிலோவைத் தாண்டும் என்பதால் கீழே சுவரோ பீமோ இருக்கும் இடமாகப் பார்ப்பது முக்கியம். ஒட்டுக்கன்றுதான் வாங்க வேண்டும், விதைக்கன்று வருடக்கணக்கில் காக்க வைக்கும். சப்போட்டாவை ஒட்டுக்கட்டும் வேர்ச்செடி, அதாவது அடியில் வேராக இருப்பது, பாலா மரம். ஒட்டுக்குக் கீழிருந்து, நுனி உள்வாங்கிய இலையோடு ஒரு துளிர் கிளம்பினால் அது பாலாதான், பிஞ்சிலேயே கிள்ளிவிடுங்கள்.