குடுவையில் யார் பிழைத்தது?

அன்புள்ள ஐயா,

மருந்து கொடுத்தும் சாகாமல் தப்பும் பெர்சிஸ்டர் பாக்டீரியா பற்றிய உங்கள் கட்டுரையில் மைக்ரோஃப்ளூயிடிக் சிப்பை (மிக நுண்ணிய பள்ளங்களில் திரவத்தை ஓடவிடும் சின்னத் தகடு) மிகவும் பாராட்டியிருந்தீர்கள். நான் நுண்ணுயிரியல் முதுகலை மாணவி. எங்கள் லேபில் குடுவையை ஷேக்கரில் வைத்து, மணிக்கொரு தரம் ஓ.டி. (கரைசல் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்ற அளவு) எடுக்கிறோம். வளர்ச்சிக் கோடு அழகாகவே வருகிறது. சிப் என்பதும் ஒரு சின்னக் குடுவைதானே, புதிதாக என்ன சொல்லிவிடப்போகிறது என்று என் தோழிகள் கேட்கிறார்கள். இன்னொன்று: பாக்டீரியா வெளியிடும் வெசிக்கிள்களை (சின்னச் சவ்வுக் குமிழிகள்) சிப்பில் பிரித்தெடுப்பதை ப்ராஜெக்டாக எடுக்கலாமா?

ம., திருச்சி

அன்புள்ள ம.,

தோழிகள் கேட்டது நியாயம்தான். சின்னதாக இருப்பது மட்டுமே சிப்பின் பெருமை என்றால், அதற்காக இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை.

கருவி ஓ.டி. 1 என்று காட்டும்போது, ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 80 கோடி ஈ.கோலை பாக்டீரியா இருக்கும். அத்தனைக்கும் சேர்த்து ஒரே எண். அதில் ஆயிரம் செல்கள் வளராமல் சும்மா கிடந்தாலும் உங்கள் அழகான கோடு அசையாது.

1944இல் ஜோசப் பிக்கர் என்ற ஆய்வாளர் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியா மீது பென்சிலினைச் செலுத்தினார். பெரும்பாலானவை செத்தன, மிகச் சில தப்பின. தப்பியவற்றை வளர்த்து மறுபடி பென்சிலின் கொடுத்தால் அவற்றின் வாரிசுகளும் அதேபோலச் சாகின்றன, அதேபோலச் சில தப்புகின்றன. அதாவது இது பரம்பரையாக வரும் எதிர்ப்பு இல்லை. இப்படித் தப்பியவற்றுக்குத்தான் பெர்சிஸ்டர் என்று பெயர் வைத்தார். சரி, மருந்து வருவதற்கு முன் அவை எப்படி இருந்தன? குடுவையில் இதற்குப் பதில் தேடவே வழியில்லை. எது பிழைக்கும் என்பது மருந்து கொடுத்த பிறகுதான் தெரியும். அதற்குள் அதன் முந்தைய நிலை போய்விடும்.

அறுபது வருடம் கழித்து, 2004இல், நதாலி பலபானும் ஸ்டானிஸ்லாஸ் லீப்லரும் சகாக்களும் சிலிக்கோன் ரப்பரில் வார்த்த மெல்லிய பள்ளங்களில் ஈ.கோலையை வளர்த்துத் தொடர்ந்து படமெடுத்தார்கள். ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை ஓடவிட்டார்கள், பிறகு அதைக் கழுவிவிட்டுப் புது ஊட்டக் கரைசல் கொடுத்தார்கள். எது பிழைத்தது என்று பார்த்துக்கொண்டு, பழைய படங்களுக்குத் திரும்பிப் போனார்கள். பிழைத்தவை மருந்துக்கு முன்பே வளராமல், அல்லது மிக மெதுவாக வளர்ந்துகொண்டு இருந்தவை. ஒரே செல்லின் முன்னையும் பின்னையும் சேர்த்துவைக்க முடிகிறது பாருங்கள், சிப்பின் வேலை அதுதான்.

ஒரு எச்சரிக்கை. சாதாரண ஈ.கோலையில் பெர்சிஸ்டர்கள் லட்சத்தில் ஒன்று, பத்து லட்சத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். அதனால் அவர்கள் பெர்சிஸ்டர்கள் அதிகம் உண்டாகும் ஹிப்ஏ7 என்ற மாற்றுருவை எடுத்துக்கொண்டார்கள். எல்லா பெர்சிஸ்டரும் தூங்குமூஞ்சி என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. 2013இல் யூச்சி வகமோட்டோ, ஜான் மெக்கின்னி குழுவினர், காசநோய்க் கிருமியின் உறவான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் மீது காசநோய் மருந்தான ஐசோனியாசிட்டை ஓடவிட்டார்கள். (சென்னையில் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று 1950களில் காட்டிய ஆய்விலும் இந்த மருந்து உண்டு.) அங்கே பிழைப்பதற்கும் முன்பு எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதற்கும் தொடர்பே இல்லை. இந்த மருந்தைச் செயல்பட வைக்கும் கேட்-ஜி என்ற என்சைம் ஒவ்வொரு செல்லிலும் விட்டுவிட்டுத் துடிப்பாக உண்டாகிறது; செல்லின் தலைவிதி அந்தத் துடிப்போடு சேர்ந்து போனது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு. உயிரோடிருக்கும் செல்களின் எண்ணிக்கை மாறாமல் நின்ற கட்டத்தில்கூட, சில பிரிந்துகொண்டிருந்தன, சில செத்துக்கொண்டிருந்தன. இரண்டும் சமமாகிப்போனதால் மொத்தக் கணக்கில் தட்டையான கோடு. தோழிகளுக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

இப்போது வெசிக்கிள். இங்கே கதை மாறுகிறது. பாக்டீரியா ஒரு மைக்ரான் அகலம். அதன் வெசிக்கிள்கள் சுமார் 20 முதல் 250 நானோமீட்டர் வரை. சாதாரண ஒளி நுண்ணோக்கி 200 நானோமீட்டருக்குக் கீழே உருவத்தைப் பிரித்துக் காட்டாது. அதனால் பெரும்பாலானவர்கள் சிப்பை வெறும் சல்லடையாகப் பயன்படுத்துகிறார்கள். 2016இல் ஐபிஎம் ஆய்வாளர்கள் நானோ தூண்களை வரிசையாக நிறுத்தி, பெரிய துகள்களை ஒரு பக்கமாகத் தள்ளி, சின்னவற்றை நேரே போகவிட்டு எக்ஸோசோம்களை (நம் உடல் செல்கள் வெளியிடும் வெசிக்கிள்கள்) பிரித்துக் காட்டினார்கள். அபாரமான பொறியியல். ஆனால் அளவு தெரிவதால் அது எதன் துண்டு என்று தெரிந்துவிடாது. அதே அளவில் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபாஜும் இருக்கும், செத்த செல்லின் குப்பையும் இருக்கும்.

குப்பை என்று சாதாரணமாகத் தள்ளவும் முடியாது. அதே 2016இல், சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியாவில் சில செல்கள் வெடித்து, சிதறிய சவ்வுத் துண்டுகள் சுருண்டு வெசிக்கிள்களாவதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்தார்கள். குடுவையில் அள்ளிய வெசிக்கிள் உயிருள்ள செல்லிலிருந்து மொட்டுவிட்டதா, வெடித்த செல்லின் மிச்சமா? ப்ராஜெக்ட் எடுப்பதானால் பிரித்தெடுப்பதை விட்டுவிட்டு இந்தக் கேள்வியை எடுங்கள். தாய் செல்லைப் பள்ளத்தில் நிறுத்தி, சவ்வுச் சாயம் கொடுத்து, அது இருக்கிறதா வெடிக்கிறதா என்று பார்க்கலாம். வெசிக்கிளின் உருவம் தெரியாவிட்டாலும் ஒளிப்புள்ளியாகத் தெரியும்.

சாயத்தில்தான் சிக்கல் வரும். சவ்வுச் சாயங்கள் கொழுப்பை விரும்புபவை. தங்களுக்குள்ளேயே கூடி வெசிக்கிள் போலவே புள்ளிகளாகும், சிலிக்கோன் ரப்பருக்குள்ளும் ஊறும். முதலில் பாக்டீரியாவே போடாமல் சாயத்தை மட்டும் ஓட்டிப் படமெடுங்கள். அதில் எத்தனை புள்ளி வருகிறது என்று எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.